முதல் 5 கி.மீ. பந்தயம்: தெம்பை எங்கே, எவ்வளவு செலவழிப்பது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல்முறையாக 5 கி.மீ. ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு, "எல்லாம் சரி, எவ்வளவு வேகமா ஓடணும்?" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஷூ வாங்குவது, பயிற்சி அட்டவணை, சாப்பாடு எதுவும் இங்கே இல்லை. பந்தயம் தொடங்கும் நொடியிலிருந்து முடிவுக்கோட்டைத் தாண்டும்வரை வேகத்தை என்ன செய்வது என்பது மட்டும்தான் பேச்சு. நான் பயிற்சியாளர் இல்லை. பலமுறை தப்பாக ஓடி, பிறகு கொஞ்சம் சரியாக ஓடக் கற்றுக்கொண்டவன், அவ்வளவுதான்.

பேஸ், பேஸ் என்கிறார்களே, அது வேகம்தானே?

வேகம்தான், ஆனால் தலைகீழாகச் சொல்வது. வண்டிக்கு மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்போம். ஓட்டத்தில் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று கணக்கு. 6 நிமிடம் என்றால் 6:00 என்று எழுதுவார்கள். அதே பேஸில் போனால் 5 கி.மீ. 30 நிமிடத்தில் முடியும். 7:00 என்றால் 35 நிமிடம், 8:00 என்றால் 40. எண் குறையக் குறைய வேகம் கூடுகிறது என்பது முதல் இரண்டு வாரம் குழப்பும், அப்புறம் பழகிவிடும். டிரெட்மில்லில் ஓடுபவர்களுக்கு: திரையில் 10 என்று காட்டினால் அது 6:00 பேஸ், 8 என்றால் 7:30.

வெறும் 5 கி.மீ.தானே, இதற்குப் போய் ஒரு திட்டமா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் பந்தயத்தில் 30 நிமிடத்துக்குள் முடிக்க ஆசை. ஹாரன் அடித்ததும் முன்னால் இருந்தவர்களின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். முதல் கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போது வாட்ச் 5:10 காட்டியது. "பரவாயில்லையே, 50 வினாடி லாபம்" என்று உள்ளுக்குள் ஒரு சிரிப்பு. இரண்டாவது கிலோமீட்டர் 5:50. மூன்றாவதில் தொண்டை வறண்டது, தோள் இரண்டும் காதை எட்டும் அளவுக்கு ஏறிக்கொண்டன, 6:50. நான்காவதில் இடுப்பில் கைவைத்து நடந்தேன், 7:20. கடைசி கிலோமீட்டர் 6:40. மொத்தம் 31:50.

கூட்டிப் பாருங்கள். முதல் இரண்டு கிலோமீட்டரில் சேர்த்தது சரியாக ஒரு நிமிடம். அடுத்த மூன்றில் விட்டது 2 நிமிடம் 50 வினாடி. ஆரம்ப சூரத்தனம் என்று சும்மாவா சொன்னார்கள்!

நான் நடந்துகொண்டிருந்தபோது தலை முழுக்க நரைத்த ஒருவர் என்னைத் தாண்டிப் போனார். ஆளைப் பார்ப்பதற்கு முன்னாலேயே காலடிச் சத்தம் கேட்டது. சுவர்க் கடிகாரம் போல ஒரே சீராக டப், டப், டப். கிட்டே வந்தது, பக்கத்தில் வந்தது, தாண்டிப் போனது. அந்தத் தாளம் ஒரு இடத்திலும் மாறவில்லை. தொடக்கக் கோட்டில் அவர் எனக்கு நாலைந்து வரிசை பின்னால் நின்றவர்.

முதல் கிலோமீட்டர் லேசாகத்தானே இருந்தது? அப்போதே உடம்பு எச்சரித்திருக்க வேண்டாமா?

உடம்பு எச்சரிக்கும். ஆனால் தாமதமாகத்தான் எச்சரிக்கும். மற்ற எல்லாப் பதில்களும் இந்த ஒன்றின் மேல்தான் நிற்கின்றன என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓடத் தொடங்கியதும் தசைக்கு அந்த நொடியே சக்தி வேண்டும். ஆனால் நுரையீரலும் இதயமும் சூடுபிடித்து, தேவைக்கு ஏற்ற ஆக்சிஜனைக் கொண்டுபோய்ச் சேர்க்க இரண்டு மூன்று நிமிடம் ஆகிவிடும். அதுவரை தசை தன் கையிருப்பில் காலம் தள்ளுகிறது. முதல் சில வினாடிகளுக்கு, தசையிலேயே சேமித்திருக்கும் கிரியாட்டின் பாஸ்பேட் என்ற வேதிப்பொருள். அதன் பிறகு, ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைத்துச் சக்தி எடுக்கும் வழி. கையிருப்பில் ஓடும்போது மூச்சும் அவ்வளவாக வாங்காது, காலும் கனக்காது. போதாக்குறைக்கு, இரண்டு நாள் ஓய்வெடுத்த கால், ரத்தத்தில் ஏறிய அட்ரினலின், சுற்றிலும் கூட்டம், ஒலிபெருக்கி. எல்லாமே "போ, போ" என்கின்றன. 5:10 பேஸில் போகும் ஒருவர், "ஐயோ, இது அதிகம்" என்று உடம்பு சொல்லத் தொடங்கும்போது ஏற்கெனவே அரை கிலோமீட்டர் தாண்டியிருப்பார்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு எல்லை வேகம் உண்டு. அதற்குக் கீழே ஓடினால் கஷ்டம் ஒரு மட்டத்தில் நின்றுவிடும். அதற்கு மேலே ஓடினால் ஒவ்வொரு நொடியும் அந்தச் சின்னக் கையிருப்பு கரையும். அது தீர்ந்துவிட்டால் நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் வேகம் விழும். எல்லைக்குக் கீழே இறங்கினால்தான் மறுபடி நிரம்பும், அதுவும் மெல்ல மெல்ல. 5 கி.மீ. பந்தயம் இந்த எல்லையை ஒட்டியே ஓடப்படுவது. ஆகவே முதல் நான்கு நிமிட வெறியில் அந்தக் கையிருப்பைக் காலிசெய்தவர், மீதி 25 நிமிடத்தையும் அது இல்லாமல்தான் ஓட வேண்டும்.

(சர்க்கரையை அப்படி உடைக்கும்போது உண்டாகும் லாக்டிக் அமிலம்தான் எல்லாவற்றுக்கும் வில்லன் என்று பழைய பாடம் ஒன்று உண்டு. அது அவ்வளவு சரியில்லை. அதன் இன்னொரு வடிவமான லாக்டேட்டை உடம்பு எரிபொருளாகவும் பயன்படுத்திக்கொள்கிறது.)

ஆக, முதல் கிலோமீட்டரில் கால் சொல்வதை நம்பாதீர்கள். கடிகாரம் சொல்வதை நம்புங்கள்.

சரி, என் பேஸ் என்ன என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பந்தயத்துக்கு ஒன்றரை, இரண்டு வாரம் முன்பு ஒருநாள் 3 கி.மீ. தூரத்தை முழு மூச்சாக ஓடி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 18 நிமிடம் ஆனது என்று வையுங்கள். அதாவது 6:00 பேஸ். அதே பேஸில் 5 கி.மீ. போகலாம் என்று நினைத்தால் அங்கேதான் தப்பு. தூரம் கூடினால் வேகம் சற்றே குறையும். எவ்வளவு குறையும் என்பதற்கு பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977-ல் ஒரு சூத்திரம் சொன்னார். இன்றும் பெரும்பாலான இணையக் கணிப்பான்களுக்குள் இருப்பது அதுதான். தூரம் எத்தனை மடங்கு கூடுகிறதோ அதை 1.06 அடுக்குக்கு உயர்த்தி, பழைய நேரத்தால் பெருக்க வேண்டும். 18 நிமிடத்துக்கு 5 கி.மீ. விடை 30:56 வருகிறது. சுமார் 6:11 பேஸ்.

கணக்குப் பிடிக்காதவர்கள், 3 கி.மீ. பேஸோடு கிலோமீட்டருக்குப் பத்து பதினைந்து வினாடி சேர்த்துக்கொண்டால் போதும். முதல் பந்தயத்துக்கு இதற்கு மேல் துல்லியம் தேவையே இல்லை.

3 கி.மீ. கூட இன்னும் தொடர்ந்து ஓடியதில்லை என்றால் நேரத்தை இலக்காக வைக்காதீர்கள். பயிற்சியில் வழக்கமாக ஓடும் பேஸிலேயே தொடங்கி, பாதிக்குப் பிறகு தெம்பு இருந்தால் கூட்டிக்கொள்ளலாம்.

அந்தப் பேஸை ஐந்து கிலோமீட்டருக்கு எப்படிப் பிரிப்பது?

30 நிமிட இலக்கை எடுத்துக்கொள்வோம். காகிதத்தில் ஐந்தும் 6:00. நான் சொல்வது: 6:05, 6:00, 6:05, 6:00, 5:50. கூட்டினால் சரியாக 30:00.

முதல் கிலோமீட்டரில் ஐந்தே வினாடி விட்டுக்கொடுக்கிறோம். "அஞ்சு வினாடியா, அது என்ன பெரிய விஷயம்" என்று தோன்றும். முதல்முறை ஓடுபவர்கள் வழக்கமாக 30, 40 வினாடி வேகமாகப் போகும் இடம் அது என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த ஐந்து வினாடி ஒரு கடிவாளம். கூட்டம் உங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். இடுப்பு உயரப் பிள்ளைகள்கூடத் தாண்டுவார்கள். போகட்டும். அவர்களில் பாதிப் பேரைக் கால் மணி நேரத்தில் மறுபடி பார்ப்பீர்கள்.

இரண்டாவதில் இலக்கு வேகத்துக்கு வந்துவிடுங்கள். மூன்றாவது பற்றித் தனியாகச் சொல்கிறேன். அங்கே ஐந்து வினாடி நழுவும் என்று தெரிந்தே விட்டிருக்கிறேன். நான்காவதில் அதே வேகத்தைப் பிடித்திருக்க அதிக முயற்சி வேண்டியிருக்கும். இது முக்கியம்: சீரான வேகம் என்றால் சீரான கஷ்டம் என்று அர்த்தமில்லை. முதல் கிலோமீட்டரில் 6:00 பேஸ் பத்துக்கு ஐந்து மதிப்பெண் கஷ்டம் என்றால், நான்காவதில் அதே 6:00 எட்டு மதிப்பெண். "கஷ்டமாகிவிட்டது, தப்பு செய்துவிட்டேன் போல" என்று அங்கே பயப்படத் தேவையில்லை.

பாதி தூரத்துக்குப் பின் வேகம் கூட்டி, இரண்டாம் பாதியை முதல் பாதியைவிடச் சீக்கிரம் முடிப்பதை நெகட்டிவ் ஸ்பிளிட் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் முதல் பாதியில் ரொம்பவே சேமித்து வைத்தால் கடைசியில் அதை முழுக்கச் செலவழிக்கத் தூரம் இருக்காது. கிட்டத்தட்ட சமமாக, கடைசியில் கொஞ்சம் தூக்கலாக என்பதே என் அபிப்பிராயம்.

உலகச் சாதனைக்காரர்களும் இப்படித்தான் ஓடுகிறார்களா? டி.வி.யில் பார்த்தால் கடைசிச் சுற்றில்தானே பறக்கிறார்கள்?

பதக்கத்துக்காக ஓடுவது வேறு, நேரத்துக்காக ஓடுவது வேறு. 2012 லண்டன் ஒலிம்பிக் 5,000 மீட்டரில் பிரிட்டனின் மோ ஃபாரா தங்கம் வென்ற நேரம் 13:41.66. அந்த மட்டத்துக்கு அது மந்தமான நேரம். எல்லோரும் ஒருவரையொருவர் வேவு பார்த்து மெதுவாக ஓடி, கடைசிச் சுற்றில் மோதிக்கொண்டார்கள். அந்தச் சுற்றை ஃபாரா 53 வினாடிக்குள் ஓடினார். நாம் அதைப் பார்த்துத்தான் கடைசியில் பறக்க ஆசைப்படுகிறோம்.

நேரத்துக்காக ஓடியதைப் பார்க்க வேண்டுமானால் 2020 ஆகஸ்ட் 14 அன்று மொனாக்கோவில் உகாண்டாவின் ஜோஷுவா செப்டெகேய் 5,000 மீட்டரை 12:35.36-ல் முடித்ததைப் பாருங்கள். எத்தியோப்பியாவின் கெனெனிசா பெக்கெலே 2004-ல் வைத்த உலகச் சாதனை 16 ஆண்டுக்குப் பின் அன்று உடைந்தது. பாதையின் உள்விளிம்பில் பேஸ் காட்டும் விளக்குகள் ஓடிக்கொண்டே வர, சுற்றுக்குச் சராசரி 60.4 வினாடி என்று தறி நெய்வது போல ஓடினார். பார்ப்பதற்கு ஒரு பரபரப்பும் இருக்காது. எனக்கு அதுதான் அழகு.

விளக்கெல்லாம் இப்போது வந்தது. 1920-களில் ஃபின்லாந்தின் பாவோ நூர்மி கையில் ஸ்டாப்வாட்ச்சைப் பிடித்துக்கொண்டே பந்தயம் ஓடுவார். போட்டியாளரைப் பார்ப்பதற்குப் பதில் கடிகாரத்தைப் பார்ப்பார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 1,500, 5,000 மீட்டர் இரண்டு தங்கமும் ஒரே நாளில் அவருக்கு.

தொடக்கத்தில் எங்கே நிற்பது?

நீங்கள் நினைப்பதைவிடச் சற்றுப் பின்னால். முன்வரிசையில் நின்றால் வேகமானவர்களின் ஓட்டம் உங்களை இழுத்துக்கொண்டு போகும். உங்களால் அவர்களுக்கும் இடைஞ்சல். பேஸ் எழுதிய பலகைகள் வைத்திருந்தால் உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். இல்லாவிட்டால் அக்கம்பக்கத்தில் "எவ்வளவு நேரத்துல முடிப்பீங்க?" என்று கேட்டால் எல்லோரும் சொல்வார்கள். நடந்தே முடிக்க வந்தவர்கள் ஓரமாகக் கடைசியில் நிற்பது மரியாதை.

பின்னால் நின்றால் நேரம் வீணாகாதா?

மார்பில் குத்தும் எண் அட்டையிலோ ஷூவிலோ சிப் இருந்தால் வீணாகாது. தொடக்கக் கோட்டில் விரித்த பாயை நீங்கள் மிதிக்கும்போதுதான் உங்கள் கணக்கு தொடங்கும். அதுதான் சிப் நேரம். ஹாரன் அடித்ததிலிருந்து எண்ணுவது கன் நேரம். பரிசு வாங்கும் முன்வரிசைக்காரர்கள் கவலைப்பட வேண்டியது அது. உங்கள் வாட்சையும் பாயை மிதிக்கும்போது அமுக்குங்கள், ஹாரனுக்கு அல்ல.

கூட்டத்தில் மாட்டி முதல் 300 மீட்டர் ஊர்ந்துதான் போக முடிந்தது. எப்படி ஈடுகட்டுவது?

ஈடுகட்ட வேண்டாம். இடது வலதாக வெட்டி வெட்டி முந்துவது முழுக்கக் கையிருப்புச் செலவு. தூரமும் கூடும், யார் காலையாவது தட்டியும் விடும். வழி கிடைத்ததும் உங்கள் பேஸுக்கு வந்துவிடுங்கள். போன பத்து வினாடி மீதி நாலே முக்கால் கிலோமீட்டரில் தானாகக் கரையும். கரையாவிட்டாலும் குடி முழுகாது. உண்மையில், நான் ஓடிய நல்ல பந்தயங்களில் ஒன்று இப்படிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டதால் அமைந்ததுதான்.

என்னிடம் வாட்ச் இல்லை.

மூச்சை வைத்து ஓடலாம். ஆனால் முதல் மூன்று நிமிடம் மூச்சும் பொய் சொல்லும் என்பதால் அந்த நேரத்துக்கு ஒரே விதி: "இவ்வளவு மெதுவாகவா போவது?" என்று கூச்சமாக இருக்க வேண்டும். அதன் பிறகு பேசிப் பாருங்கள். முழு வாக்கியம் சரளமாக வந்தால் கொஞ்சம் கூட்டலாம். மூன்று நான்கு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் இரண்டு, மூன்றாம் கிலோமீட்டருக்கு அது சரி. ஒற்றை வார்த்தைகூட உடைந்து வந்தால், அது நான்காவது கிலோமீட்டர் தாண்டியபின் வர வேண்டிய நிலை. பக்கத்தில் ஓடுபவருக்கு "நல்லா போறீங்க" என்று சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். அவருக்கும் உற்சாகம், எனக்கும் அளவுகோல்.

வாட்ச் இருக்கிறது. அதை அப்படியே நம்பலாமா?

பாதி நம்பலாம். ஜிபிஎஸ் வாட்சில் "இப்போதைய பேஸ்" என்று ஓடும் எண் மரத்தடியிலும் உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் 5:20, 6:40 என்று தாவும். அதைத் துரத்தினால் பைத்தியம் பிடித்துவிடும். லேப் சராசரி பேஸை, அதாவது அப்போது ஓடிக்கொண்டிருக்கும் கிலோமீட்டரின் சராசரியை, திரையில் வைத்துக்கொள்ளுங்கள். அது நிதானமாக மாறும். 200, 300 மீட்டருக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

இன்னொரு சின்னச் சங்கதி. பந்தயம் முடிந்ததும் பலர் "வாட்சுல 5.07 காட்டுது, தூரத்தைத் தப்பா அளந்திருக்காங்க" என்பார்கள். முறையாக அளந்த சாலைப் பாதைகளில் அளவெடுப்பவர், சக்கரச் சுழற்சியை எண்ணும் கருவி பொருத்திய சைக்கிளில், வளைவுகளின் உள்விளிம்பை ஒட்டி மிகக் குறுகிய வழியில் போவார். தூரம் குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்தில் ஒரு பங்கும் சேர்ப்பார்கள், 5 கி.மீ.க்கு அது 5 மீட்டர். நாமோ வளைவுகளில் வெளிப்பக்கம் அகன்று, தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி ஓடுகிறோம். ஜிபிஎஸ் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். வாட்சில் 5.06 வரும் என்று வைத்தால், 30 நிமிடத்துக்கு வாட்சில் தெரிய வேண்டிய பேஸ் 6:00 அல்ல, 5:56. அதனால் கிலோமீட்டர் பலகைகள் வரும்போது மொத்த நேரத்தைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

இதயத்துடிப்பைப் பார்த்து ஓடலாமா?

நீண்ட பயிற்சி ஓட்டத்துக்கு நல்லது. 5 கி.மீ. பந்தயத்துக்கு எனக்குப் பிடிக்காது. துடிப்பும் வேகத்துக்குப் பின்னால்தான் ஏறி வரும். பரபரப்பில் தொடக்கக் கோட்டிலேயே எகிறியிருக்கும். அதிகபட்சத் துடிப்பைக் கண்டுபிடிக்க 220-லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கும் ஆளுக்கு ஆள் நிறைய மாறும்.

மூன்றாவது கிலோமீட்டர் பற்றித் தனியாகச் சொல்கிறேன் என்றீர்களே?

ஆமாம். பந்தயம் உடைவது பெரும்பாலும் அங்கேதான். தொடக்கத்தின் குதூகலம் போய்விட்டது, முடிவு இன்னும் கண்ணில் படவில்லை. சாலையோரம் கைதட்டுபவர்களும் அங்கே இருக்க மாட்டார்கள். நம் மூச்சுச் சத்தம் நமக்கே பெரிதாகக் கேட்கும். மனசு கணக்குப் போடத் தொடங்கும்: "இன்னும் பாதி இருக்கே." கவனம் சிதறும் அந்த நிமிடத்தில், தெரியாமலே வேகம் பத்து வினாடி நழுவியிருக்கும். தெம்பு தீர்ந்ததால் அல்ல, பிடி விட்டுப்போனதால்.

நான் செய்வது இது. தோளை ஒருமுறை காதுவரை தூக்கி, பொத்தென்று கீழே விடுவேன். இறுக்கிய முஷ்டியைத் திறந்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் லேசாகத் தொடும்படி வைப்பேன். பார்வையைத் தரையிலிருந்து எடுத்து, முப்பது மீட்டர் முன்னால் போகும் யாராவது ஒருவரின் சட்டையில் ஒட்டுவேன். பிடிக்கத் துரத்துவதில்லை, அவரோடு ஒரு நூல் கட்டியிருப்பதாக நினைத்து அது தளராமல் பார்த்துக்கொள்வது மட்டும். காலடியை நூறுவரை எண்ணுவதும் உண்டு. மூன்றாவது நூறு முடிவதற்குள் பலகை வந்துவிடும் சமயங்கள் உண்டு.

நடுவில் நடக்கலாமா? அசிங்கமாக இருக்காதா?

தாராளமாக நடக்கலாம். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே, ஓட்டமும் நடையும் கலந்த முறையைத்தான் பல ஆண்டுகள் கற்றுக்கொடுத்தார். ஒன்றே ஒன்று: முடியாமல் போனபின் நடப்பது வேறு, முன்கூட்டியே நடப்பது வேறு. நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் விறுவிறு நடை என்று முதல் நிமிடத்திலிருந்தே வகுத்துக்கொண்டால், தெம்பாக இருக்கும்போதே நடப்பதால் கையிருப்பு தீராது. என் முதல் பந்தயத்தில் நான் நடந்தது இந்த இரண்டாவது வகையில்லை. நடக்கும்போது ஓரமாக ஒதுங்கி, கையைச் சற்று உயர்த்திக் காட்டிவிட்டு வேகத்தைக் குறையுங்கள். பின்னால் வருபவர் முட்டாமல் இருப்பார்.

வேகமாகப் புறப்பட்டுவிட்டேன் என்று ஒரு கிலோமீட்டர் கழித்துத்தான் தெரிகிறது. ஆட்டம் குளோஸா?

இல்லை. ஆனால் உடனே ஏதாவது செய்ய வேண்டும். இலக்கு பேஸுக்கு வருவது போதாது. அதைவிடப் பத்து பதினைந்து வினாடி மெதுவாக, ஒரு அரை கிலோமீட்டர் ஓடுங்கள். கையிருப்பு மறுபடி கொஞ்சம் ஊற வேண்டுமானால் எல்லை வேகத்துக்குக் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். மூச்சு ஒரு தாளத்துக்கு வந்ததும் மெல்லப் பழைய பேஸுக்கு ஏறுங்கள். "சேர்த்த லாபத்தை விடக் கூடாது" என்று பிடித்துத் தொங்கினால் என் 7:20 உங்களுக்கும் காத்திருக்கிறது.

மேடு, எதிர்காற்று, வெயில் இருந்தால்?

பேஸை மறந்து முயற்சியைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். மேட்டில் காலடியைச் சின்னதாக்கி, கையை வீசி, அதே மூச்சில் ஏறுங்கள். வாட்ச் 6:40 காட்டினாலும் கண்டுகொள்ளாதீர்கள். உச்சியைத் தொட்டதும் சட்டென்று முடுக்காமல், இறக்கம் தானாகத் தருவதை வாங்கிக்கொள்ளுங்கள். எதிர்காற்றில் நாலைந்து பேர் கொண்ட கூட்டத்துக்குப் பின்னால் ஒண்டிக்கொள்வதில் வெட்கமில்லை.

வெயில் இன்னும் மோசமான ஆள். உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போவதால் தசைக்குக் கிடைப்பது குறைகிறது. வழக்கமான பேஸ் அன்று வழக்கமான பேஸே அல்ல. புழுக்கமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தொடக்கக் கோட்டில் நிற்கும்போதே வியர்த்தால் இலக்கை அங்கேயே தளர்த்திவிடுங்கள்.

விலாவில் சுருக்கென்று பிடித்துக்கொண்டால்?

வேகத்தைக் குறைத்து, மூச்சை நீளமாக முழுக்க வெளியே விடுங்கள். பிடித்த இடத்தை விரலால் அழுத்திக்கொண்டு சற்றுக் குனிந்து ஓடினாலும் பலருக்கு விடும். வயிறு நிறையச் சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் ஓடினால் இது அடிக்கடி வரும்.

எவ்வளவு கஷ்டம் வரை சரி? எப்போது நிற்க வேண்டும்?

மூச்சு வாங்குவது, தொடை எரிவது, "ஏன்டா வந்தோம்" என்று தோன்றுவது எல்லாம் சரி. மார்பில் வலி அல்லது இறுக்கம், தலைசுற்றல், கண் இருட்டுவது, ஓரிடத்தில் குத்துவது போன்ற மூட்டு வலி என்றால் நிறுத்துங்கள், பக்கத்தில் இருக்கும் தன்னார்வலரைக் கூப்பிடுங்கள். இதயக் கோளாறோ ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் பெயர் கொடுப்பதற்கு முன்பே மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும்.

நண்பரோடு சேர்ந்து ஓடலாமா?

அவர் உங்களைவிட மெதுவானவர் என்றால் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு அவரைவிட நல்ல கடிவாளம் கிடையாது. வேகமானவர் என்றால் ஹாரனோடு கைகுலுக்கிப் பிரிந்துவிடுங்கள். பேசர் என்று கொடியோ பலூனோ பிடித்து ஓடுபவர் இருந்தால், அவருக்கு இரண்டடி பின்னால் இருப்பது சௌகரியம். ஆனால் பேசரும் மனிதர்தான். முதல் பலகையில் உங்கள் வாட்சையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வார்ம்-அப் செய்தால் அந்தத் தெம்பும் போய்விடாதா?

நேர்மாறு. பத்து நிமிடம் மெல்லோட்டம், பிறகு 15, 20 வினாடிக்கு மூன்று நான்கு முறை பந்தய வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாக ஒரு வீச்சு. இதயமும் நுரையீரலும் முன்பே சூடாகியிருந்தால் தொடக்கத்தில் கையிருப்பைத் தோண்டுவது குறையும். மெதுவாக ஓடி முடிக்க மட்டும் வந்தவர்களுக்கு ஐந்து நிமிட விறுவிறு நடை போதும்.

கடைசி ஓட்டத்தை எங்கே தொடங்குவது?

முடிவுக்கோட்டின் மேல் நிற்கும் தோரண வளைவு கண்ணில் பட்டதும் பாய்வது எல்லோரும் செய்யும் தப்பு. வளைவு உயரமாக இருப்பதால் பக்கத்தில் இருப்பது போலத் தெரியும்; நிஜத்தில் 400 மீட்டர் இருக்கும். 6:00 பேஸ்காரருக்கு அது இரண்டு நிமிடத்துக்கு மேல். நான்காவது பலகையிலிருந்து படிப்படியாகக் கூட்டுங்கள், கடைசி 150, 200 மீட்டருக்கு மட்டும் மிச்சம் இருப்பதைக் கொட்டுங்கள். அங்கே யாரையோ தோற்கடிப்பது போல முடுக்கி நாலு பேரை முந்தினால், அதற்கு முன் எங்கோ சும்மா இருந்துவிட்டீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

பயிற்சியில் இதை எப்படிப் பழகுவது?

400 மீட்டர் தடம் கிடைத்தால் பேஸை உடம்புக்குச் சொல்லிக்கொடுக்கலாம். 6:00 பேஸில் ஒரு சுற்று 2:24, அரைச் சுற்று 72 வினாடி. பன்னிரண்டரைச் சுற்றுதான் உங்கள் 5 கி.மீ. வாட்சை மறைத்துக்கொண்டு ஒரு சுற்று ஓடி, பார்ப்பதற்கு முன் நேரத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் நாள் 15 வினாடி பிசகும். ஒரு மாதத்தில் மூன்று நான்கு வினாடிக்குள் வந்துவிடும். வாரம் ஒருநாள் இலக்கு பேஸில் 1 கி.மீ. ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, அப்படி நான்கு முறை செய்யலாம். நான்காவதும் முதலாவதும் ஒரே நேரம் வர வேண்டும் என்பதுதான் விளையாட்டு.

தண்ணீர் மேசையில் நிற்க வேண்டுமா?

குளிர்ச்சியான நாளில் 5 கி.மீ.க்கு வழியில் தண்ணீர் தேவையில்லை. வெயிலில் இரண்டு மடக்கு குடித்து, மீதியைத் தலையில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

கோட்டைத் தாண்டியதும்?

டக்கென்று நிற்காதீர்கள், உட்காரவும் வேண்டாம். காலில் ரத்தம் தங்கித் தலை சுற்றும். ஐந்து நிமிடம் நடந்துகொண்டே இருங்கள், பின்னால் வருபவர்களுக்கும் வழி கிடைக்கும். மூச்சு அடங்கியதும் ஐந்து கிலோமீட்டர் நேரங்களையும் வரிசையாகப் பாருங்கள். முதலாவதுக்கும் நான்காவதுக்கும் பத்து வினாடிக்குள் வித்தியாசம் என்றால் முதல் பந்தயத்துக்கு அபாரம். அடுத்த பந்தயத்தில் எனக்கு 6:08, 6:02, 6:07, 6:01, 5:46 வந்தது, மொத்தம் 30:04. அந்த நான்கு வினாடிக்காக மறுவாரமே இன்னொரு பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தது தனிக் கதை.